மெய் திருத்தும் மருத்துவமும் பொதுப் பணமும்: திருவண்ணாமலை வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒருவருடைய உருவத்தை மாற்றியமைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு மக்களின் வரிப்பணத்தைச் செலவிடலாமா என்னும் கேள்வி, பாலின மாற்று அறுவைச் சிகிச்சை தமிழக அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படத் தொடங்கிய 2000களின் இறுதியில்தான் முதன்முதலாக எழுந்தது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் இக்கேள்விக்கு வயது அதிகம். 1989 செப்டம்பரில் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த வட ஆற்காட்டு நிலப்பகுதியில், தொழுநோயால் சரிந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகள் 1950களிலேயே நடந்தன. அவை உயிர் காக்கும் சிகிச்சைகளும் அல்ல, நோயைக் குணமாக்கியவையும் அல்ல. ஆயினும் அவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதே நிலப்பகுதியில், அதே காலத்தில், தம் உடலைப் பெண்ணுடலாக மாற்றிக்கொள்ள விரும்பியவர்களோ மருத்துவமனை வாசலை மிதிக்கவும் வழியின்றி, நள்ளிரவில் மயக்க மருந்தில்லாத கத்திக்கு உட்பட்டனர். இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கும்போது, உருவம் திருத்தும் சிகிச்சைக்குப் பொதுப் பணம் கிடைத்ததும் கிடைக்காமற்போனதும் சிகிச்சையின் தன்மையைப் பொறுத்து அமையவில்லை, திருத்தப்படுவது யாருடைய உருவம் என்பதைப் பொறுத்தே அமைந்தன என்பது புலப்படுகிறது.

திருவண்ணாமலையில் நின்று இவ்வரலாற்றைப் பார்ப்பதற்கு அவ்வூர்க் கோயிலே ஒரு காரணம். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்தாம் நாள் மாலையில், பஞ்சமூர்த்திகள் கொடிமரத்தின் எதிரே எழுந்தருளிய பின்னர், ஆறு மணியை நெருங்கும் வேளையில், ஆண்டில் வேறெந்த நாளிலும் வெளிவராத அர்த்தநாரீசுவரர் திருமேனி, தாங்குவோரின் தோள்களில் ஆடியபடி உள்ளிருந்து விரைந்து வந்து, சில நிமிடங்களே காட்சி தந்து திரும்பிவிடுகிறது. அந்த வேளையில்தான் 2,668 அடி உயர மலையின் உச்சியில் பர்வதராஜகுலத்தார் மகாதீபத்தை ஏற்றுகின்றனர். பார்வதி பவழக்குன்றில் தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்ற கதையைச் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் விரித்துரைக்கிறது. திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, உளுந்தூர்பேட்டைப் பகுதியிலுள்ள கூவாகத்தில், ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து அழும் சடங்கு நடக்கிறது. களப்பலிக்கு முந்திய இரவில் அரவானை மணக்க எவரும் முன்வராதபோது கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான் என்னும் கதை அச்சடங்குக்கு அடிப்படை. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, தமிழ் மரபு மூன்றாம் பாலினத்தாரை என்றும் மதித்தே வந்திருக்கிறது என்று மேடைகளில் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஆறுதலை ஏற்க இயலாது. ஈருருவைக் கைகூப்பி வணங்கிய ஊர்களே தம் பிள்ளைகளில் ஒருவர் சேலை உடுத்தியபோது அடித்து விரட்டின என்பதற்குத் திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள் அனைத்தும் சான்றாக இருக்கின்றன. திருவிழாவில் கிடைத்த மதிப்பு திருவிழா நாளோடு முடிந்தது. அது வீட்டுக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வந்துசேரவில்லை.

வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்குப் புகலிடமாக இருந்தது ஜமாத் எனப்படும் குழு அமைப்பு. குரு ஒருவர் தம்மை நாடி வருபவரைச் சேலாவாக, அதாவது மகளாகவும் மாணவியாகவும், ஏற்றுக்கொள்வார். குருவின் குரு நானி என்றழைக்கப்படுவார். ஆணுறுப்பை நீக்கிக்கொள்ளும் சடங்குக்கு இவர்கள் வழங்கும் பெயர் நிர்வாணம். அதைச் செய்பவர் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை. வட இந்தியாவில் பகுச்சரா மாதா என்றும் தமிழகத் திருநங்கையரிடையே போத்ராஜ் மாதா என்றும் வணங்கப்படும் தெய்வத்தின் படத்தின் முன், பெரும்பாலும் விடியலுக்கு முந்திய இருளில், கட்டுப்போட்டு இறுக்கிய உறுப்பு ஒரே வெட்டில் நீக்கப்படும். தையல் போடப்படுவதில்லை, குருதி ஓரளவு வடிந்துபோனால்தான் உடலிலுள்ள ஆண்தன்மை வெளியேறும் என்பது நம்பிக்கை. சிறுநீர்த் துளை அடைபடாமலிருக்க ஒரு குச்சி செருகப்படும், புண்ணின்மேல் காய்ச்சிய எண்ணெய் ஊற்றப்படும், அன்றிரவு முழுவதும் உறங்கவிடாமல் உடனிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக்கூடாது, ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது. நாற்பத்தோராம் நாளில் மஞ்சள் பூசி நீராட்டி, பச்சைச் சேலை உடுத்தி, பால் நிறைந்த குடத்தைத் தலையில் ஏற்றி, நீர்நிலையில் ஊற்றச் செய்து புதுப்பெண்ணாக ஏற்பார்கள். இச்சடங்கில் ஒரு சமூகம் தன் உறுப்பினருக்குக் காட்டிய பரிவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. குருதி இழந்தும் சீழ்ப்பிடித்தும் இறந்தவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

மருத்துவர்கள் இதில் தலையிடத் தயங்கியதற்குச் சமூக வெறுப்பு மட்டும் காரணமாக இருக்கவில்லை. சட்டமும் காரணமாக இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 320ஆம் பிரிவில், கொடுங்காயம் என்று கருதப்படுபவற்றை எட்டு வகையாகப் பிரித்து, அவற்றுள் முதலாவதாக ஆண்மை நீக்கத்தையே வைத்தது. கண்பார்வை இழப்பும் எலும்பு முறிவும் அதற்குப் பின்னரே வந்தன. அதே சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி, வயதுவந்தவர் தாமே ஒப்புக்கொண்டாலும் கொடுங்காயம் விளைவித்தவர் குற்றத்திலிருந்து தப்ப இயலவில்லை. ஆனால் 88ஆம் பிரிவு, ஒருவருடைய நன்மைக்காக அவருடைய ஒப்புதலோடு நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட செயல், மரணம் விளைவிக்கும் நோக்கம் இல்லாதவரை, குற்றமாகாது என்றது. அறுவை மருத்துவம் முழுவதும் இந்தியாவில் நின்றது இப்பிரிவின்மீதுதான். ஆகவே பாலின மாற்று அறுவை அந்த மனிதரின் நன்மைக்கானது, அதாவது அது சிகிச்சை, என்று மருத்துவ உலகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும்வரை, அதைச் செய்யும் மருத்துவர் சிறைவாசலில் ஒரு காலை வைத்தபடியே கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. சிகிச்சையா, வெறும் விருப்பமா என்னும் இன்றைய விவாதத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இந்தத் தயக்கத்தின் இடைவெளியில் ஒரு மறைமுகச் சந்தை வளர்ந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் ரயில் பாதையின் வடமுனையிலிருந்து, ரேணிகுண்டாவைத் தாண்டினால் வருகிற ஆந்திர நகரம் கடப்பா. அங்குள்ள சிறு தனியார் மருத்துவமனைகளில் குறைந்த செலவில் உறுப்பு நீக்க அறுவை நடப்பது தமிழகத் திருநங்கையரிடையே பரவலாக அறியப்பட்டிருந்தது. 2007 இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ என்னும் தன்வரலாறு, கடப்பாப் பயணத்தையும் அறுவையையும் அதன் வலியையும் மறைக்காமல் பதிவு செய்தது. இத்தகைய மருத்துவமனைகளில் உறுப்பு அகற்றப்பட்டதே தவிர, பெண்ணுறுப்பு உருவாக்கப்படவில்லை. உளநல ஆலோசனையோ, ஹார்மோன் சிகிச்சையோ, பின்தொடர் கவனிப்போ இல்லை. மயக்க மருந்து கிடைத்தது என்பதொன்றே தாயம்மாவின் கத்தியிலிருந்து இதற்கிருந்த பெரிய வேறுபாடு.

இனி, அதே வட ஆற்காட்டின் மற்றொரு மருத்துவ வரலாற்றைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் வட ஆற்காடு ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946 இன் இறுதியில் வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் முடங்கிப்போன கைகளைக் கண்டபின், செயலிழந்த தசைகளுக்குப் பதிலாகச் செயலுள்ள தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் முறையை வளர்த்தார். அவர் எதிர்பாராத சிக்கல் ஒன்று விரைவிலேயே முன்வந்தது. கை நிமிர்ந்தவர்களுக்கும் வேலை கிடைக்கவில்லை. பிச்சையோ முன்பைவிடக் குறைந்தது. பாலம் சரிந்த மூக்கும் முடியற்ற புருவமும் முகத்தில் இருக்கும்வரை, கை எவ்வளவு செம்மையாக இயங்கினாலும், ஊர் அவர்களைத் தொழுநோயாளிகளாகவே பார்த்தது. ஆகவே மருத்துவர்கள் முகத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தப் புருவ அறுவை சற்று நெருங்கிப் பார்க்கத் தக்கது. நெற்றிப்பொட்டின்மீது ஓடும் தமனியோடு சேர்த்து, முடியுள்ள தலைத்தோலின் ஒரு குறுகிய கீற்றைப் பிரித்தெடுத்து, குருதி ஓட்டம் அறுபடாமல் நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் ஒரு வழி அமைத்துப் புருவத்தின் இடத்தில் கொண்டுவந்து தைப்பார்கள். தலைத்தோலின் முடி என்பதால் அது தலைமுடியைப் போலவே வளரும்; ஆகவே வாரந்தோறும் கத்தரித்துவிட வேண்டும். புதுப் புருவம் பெற்றவர்கள் சிலர் அதைக் கத்தரிக்காமல் நீளமாக வளரவிட்டுப் பெருமையோடு காட்டிக்கொண்டனர் என்று அக்கால மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். மூக்குக்கு, சிபிலிஸ் நோயால் மூக்கிழந்தவர்களுக்காக இங்கிலாந்தின் ஹரோல்ட் கில்லீஸ் 1920களில் வகுத்த முறை பயன்பட்டது: மூக்கின் உட்புறத்தில் சுருங்கிப்போன சவ்வை விடுவித்து, உள்ளிருந்தே தோல் ஒட்டுப் போட்டு மூக்கை உயர்த்துவது. புருவத்துக்கு உடலியல் பயன் மிகக் குறைவு. அது முழுக்க முழுக்கத் தோற்றத்துக்கான அறுவை, அதாவது இன்றைய அகராதியில் அழகுச் சிகிச்சை. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கைக்குச் செய்த சிகிச்சையும் பயனற்றுப் போயிருக்கும்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 இல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் அமைந்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் ஜெர்மன் நிவாரண அமைப்பின் ஆதரவோடு புனித தோமையார் மருத்துவமனை தொழுநோய்ப் பணியில் ஈடுபட்டது. தொடக்கத்தில் இப்பணிகளுக்குத் திருச்சபைகளும் அயல்நாட்டு நன்கொடையாளர்களும் பெருமளவு செலவு செய்தனர் என்றாலும், நாளடைவில் அரசும் இதைத் தன் கடமையாக ஏற்றது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1971 இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ், தொழுநோய் பாதித்த இரவலர்களுக்கென அரசு இல்லங்கள் நிறுவப்பட்டன. திருவண்ணாமலையை அடுத்த மல்லவாடியிலும், கூவாகத்துக்கு அருகிலுள்ள உளுந்தூர்பேட்டையிலும் அத்தகைய இல்லங்கள் உண்டு. தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டம் பிற்காலத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சீரமைப்பு அறுவைச் சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்ததோடு நில்லாமல், சிகிச்சைக் காலத்தில் கூலி இழக்கும் ஏழை நோயாளிக்கு முதலில் 5,000 ரூபாயும் பின்னர் 8,000 ரூபாயும் ஊக்கத்தொகையாக வழங்கியது. தோற்றத்தைத் திருத்திக்கொள்வதற்கு அரசு பணம் கொடுத்து அழைத்தது என்றே இதைச் சொல்ல வேண்டும். அது சரியான செயல்; தோற்றமே ஒருவரைச் சமூகத்திலிருந்து வெட்டி எறியும்போது, தோற்றத்தைச் சீர்செய்வது மருத்துவத்தின் வேலையாகிவிடுகிறது.

இந்த மருத்துவ முறையும் பாலின மாற்று அறுவையும் ஒரே கைகளிலிருந்து பிறந்தவை என்பது பலரும் அறியாதது. தொழுநோய் மூக்குகளுக்குப் பயன்பட்ட முறையை வகுத்த அதே கில்லீஸ்தான், முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்தைக் கொண்டு, 1946 முதல் 1949 வரை பல கட்டங்களாக மைக்கேல் டில்லன் என்பவருக்கு ஆணுறுப்பை உருவாக்கினார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்த டில்லனே, இவ்வகைச் சிகிச்சை பெற்ற முதல் திருநம்பியாக மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படுகிறார். சட்டச் சிக்கலுக்கும் வசைக்கும் அஞ்சி, பிறவியிலேயே சிறுநீர்த்துளை இடம் மாறியிருந்த குறைபாட்டுக்கான சிகிச்சை என்றே மருத்துவமனை ஏடுகளில் எழுதினார்கள். பின்னாளில் இதழ்கள் தம் வாழ்வை அம்பலப்படுத்தியபோது டில்லன் இந்தியாவுக்கு வந்து, ஜீவகர் என்னும் பெயரில் பௌத்தத் துறவியாகி, 1962 இல் டல்ஹவுசியில் காலமானார். ஒரே மருத்துவரின் ஒரே கலை, படைவீரருக்கும் தொழுநோயாளிக்கும் செய்யப்பட்டபோது தொண்டு எனப்பட்டது. டில்லனுக்குச் செய்யப்பட்டபோது பொய்ப்பெயரில் ஒளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்த ஒளிவுமறைவை முடித்துவைத்தது அரசின் தொடர்ச்சியான சில முடிவுகள். 2006 டிசம்பரில், அன்று அரவாணிகள் எனப்பட்ட திருநங்கையரின் மறுவாழ்வுக்கென ஓர் அரசாணை பிறந்தது. 2008 ஏப்ரல் 15 இல் இந்தியாவிலேயே முதன்முதலாக அவர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. அதையொட்டிய காலத்தில் சென்னையின் அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டது. இதைப் பெற விரும்புபவர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். உளநல மருத்துவர் அவரோடு பலமுறை பேசி, அவருடைய பாலின உணர்வு நிலையானது என்று சான்றளிக்க வேண்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். இம்முடிவை எடுத்த காலத்தில் இந்திய அளவில் எந்தச் சட்டமும் இதை அரசின் கடமை என்று சொல்லியிருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே 2008 ஆகஸ்டில்தான் பிரேசில் நாடும் தன் பொதுச் சுகாதார அமைப்பில் இச்சிகிச்சையைச் சேர்த்தது.

சட்டம் பின்னர் வந்து சேர்ந்தது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 2014 ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், தம் பாலினத்தைத் தாமே உறுதிசெய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தனர். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாலின மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை, அவற்றுக்கு முன்னும் பின்னுமான ஆலோசனை ஆகியவற்றை வழங்குவதையும் காப்பீட்டில் சேர்ப்பதையும் அரசின் பொறுப்பாக்கியது. இதற்கிடையில் தமிழக அரசு, தேசிய நலவாழ்வு இயக்கத்தின் ஆதரவோடு, உளநலம், ஹார்மோன், பிளாஸ்டிக் அறுவை, சிறுநீரகம், தோல் எனப் பல துறை மருத்துவர்களும் ஒரே இடத்தில் அமரும் பாலின வழிகாட்டு மையங்களைச் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கி, பின்னர் பிற நகரங்களுக்கும் விரிவாக்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் 2022 இல் இச்சிகிச்சைகள் இடம்பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசும் திருநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை அறிவித்தது.

அழகுச் சிகிச்சை பற்றிய வாதம் இதற்கு இணையாக மற்றொரு மருத்துவமனையில் வெடித்தது. 1971 இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைப் பிரிவைத் தொடங்கிப் புகழ்பெறச் செய்த சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், 2018 பிப்ரவரியில் மார்பக அழகுச் சிகிச்சைக்கென இலவசப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. பணமுள்ளவர்களுக்குக் கிடைக்கும் அழகு ஏழைகளுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்ற கருத்தை அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் முன்வைத்தார், உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கே நிதி போதாதபோது இது முறையா என்று பொதுச் சுகாதாரத் துறையில் அனுபவமுள்ளவர்கள் கேட்டனர். பிரேசிலில் 1960களிலேயே, அழகு ஏழைக்கும் உரியது என்னும் கொள்கையோடு இவோ பிட்டாங்கி என்னும் மருத்துவர் ரியோவின் அறக்கட்டளை மருத்துவமனையில் ஏழைகளுக்குச் சிகிச்சையளித்தார் என்பதால், அமைச்சரின் வாதம் புதியதும் அல்ல, எள்ளத் தக்கதும் அல்ல. அப்பிரிவுக்கு வந்தவர்களுள், மார்பின் பெரும் எடையால் முதுகும் கழுத்தும் வலித்துக் கூலி வேலைக்குப் போக முடியாத பெண்களும், ஒரு பக்க மார்பு வளராதவர்களும், புற்றுநோய்க்கு மார்பை இழந்தவர்களும் அடங்குவர். இவர்களுக்குச் செய்வதை அழகு என்ற சொல்லால் அடையாளப்படுத்தியதே தவறு. ஆனால் எந்த வலியும் இழப்பும் விலக்கும் இல்லாத ஒருவர் தம் தோற்றம் இன்னும் மேம்பட வேண்டும் என்று விரும்பும்போது, தீக்காயப் பிரிவில் படுக்கைக்காகக் காத்திருப்பவருக்கு முன்பாக அவரை அறுவை அரங்குக்குள் அனுப்ப இயலாது. அச்செலவு பொதுப் பணத்திலிருந்து வரக்கூடாது.

இந்த எல்லைக்கோட்டை உடலுறுப்பை வைத்தோ அறுவையின் பெயரை வைத்தோ வரைய முடியாது என்பதை இங்கிலாந்தின் ஒரு வழக்கு தெளிவாக்கியது. வடமேற்கு லங்காஷயர் சுகாதார ஆணையம், பாலின மாற்று அறுவையை அழகுச் சிகிச்சைகளோடு சேர்த்துக் கடைசி வரிசையில் வைத்து, ஏறத்தாழ எவருக்கும் நிதி வழங்காமலிருந்தது. 1999 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரிசைப்படுத்தும் உரிமை ஆணையத்துக்கு உண்டு, ஆனால் இதை ஒரு நோய்நிலை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தனிமனிதரின் தேவையை உண்மையாகப் பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலே சரியானது. ஒருவர் அந்த உடலோடு வாழ்வதால் எதை இழக்கிறார், அறுவை அந்த இழப்பைக் குறைக்குமா என்று மருத்துவர் ஆளுக்கு ஆள் ஆராய வேண்டும். கிடைக்கும் விடைக்கேற்பப் பணம் செல்ல வேண்டும்.

பொதுப் பணத்தில் நடந்த உருவத் திருத்தங்களுள் எவராலும் கேள்வி கேட்கப்படாமல் நீண்டகாலம் தொடர்ந்தது ஒன்றுண்டு. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்கவியலாத உறுப்பமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, அவர்கள் பேசக் கற்பதற்கு முன்னரே, ஏதேனும் ஒரு பாலினத்தின் வடிவத்துக்குள் அடக்கும் அறுவை செய்யப்பட்டு வந்தது. பெரும்பாலான நேர்வுகளில் அதற்கு உயிர் காக்கும் தேவை இல்லை. பெற்றோரின் கூச்சமும் ஊரின் கண்ணுமே காரணம். 2019 ஏப்ரல் 22 அன்று, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்ததோடு, இக்குழந்தைகள் மீதான அறுவைகளுக்குத் தடை விதிக்கவும் அரசுக்கு உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்து, அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. விருப்பம் தெரிவிக்க இயலாத பச்சிளங் குழந்தைக்கு ஊரின் நிம்மதிக்காகச் செய்யப்பட்டதைச் சிகிச்சை என்று ஏற்ற அதே சமூகம், முப்பது வயதில் பல ஆண்டு சிந்தித்து விண்ணப்பிக்கும் ஒருவருக்குச் செய்வதை வீண்செலவு என்று சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

நிதிப் பற்றாக்குறை என்னும் எதிர்வாதம் உண்மையானது, அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, சவ்வாது மலையின் உட்கிராமங்களில், பேறுகாலப் பெண்ணை நல்ல சாலை வரை சுமந்துவர வேண்டிய நிலை இருந்துவந்திருக்கிறது. அங்கே வாழ்பவர் எவரும், முதலில் எங்களுக்குச் சாலையும் ஆம்புலன்சும் கொடுங்கள் என்று கேட்க உரிமையுள்ளவர். ஆனால் இரு கோரிக்கைகளும் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பவை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத பிற பாலினத்தாராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். அவர்கள் அனைவருமே அறுவையை நாடுபவர்களும் அல்லர். ஏழரைக் கோடிக்கு அருகிலுள்ள மக்கள்தொகையின் சுகாதாரச் செலவில் இவர்களுக்கான பங்கு மிகச் சிறிது. மேலும், பணம் மறுக்கப்பட்டால் அறுவை நின்றுவிடும் என்று நம்புவதற்கு வரலாற்றில் இடமில்லை. தாயம்மாவின் கத்தியும் கடப்பா ரயிலும் அதற்குச் சான்று. அவ்வாறு அரைகுறையாக அறுக்கப்பட்டவர்கள், சிறுநீர்ப்பாதை சுருங்கியும் நோய்த்தொற்றுக்கு ஆளாகியும், இறுதியில் வந்து சேர்வது அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்குத்தான். முதலில் செலவிடாமல் மிச்சப்படுத்திய பணம் அங்கே பன்மடங்காகச் செலவாகிறது.

தமிழ்நாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அறுவை இலவசம் என்று முதலில் அறிவித்த மாநிலம், அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி அதே அக்கறையோடு திட்டமிடவில்லை. உருவாக்கப்பட்ட பெண்ணுறுப்பு சுருங்கி மூடிவிடாமலிருக்க, முதல் சில மாதங்களுக்கு நாள்தோறும் பலமுறை விரிப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். அதற்குத் தனியறையும் சுத்தமான நீரும் சொல்லித்தரும் செவிலியரும் தேவை, ஒரே அறையில் நான்கைந்து பேர் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஒருவருக்கு இவற்றுள் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. ஹார்மோன் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அது தடைபட்டால் எலும்பு தேயும். மார்பகம், கருப்பை ஆகியவற்றை நீக்கிக்கொள்ளும் திருநம்பிகளின் தேவை மிகப் பிந்தியே கவனிக்கப்பட்டது. ஆரணியிலும் போளூரிலும் செங்கத்திலும் வாழும் ஒருவர், ஓர் ஊசிக்கும் ஓர் இரத்தப் பரிசோதனைக்கும் கூலியை இழந்து சென்னைவரை பேருந்தில் போய்வருவதை, இலவசச் சிகிச்சை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. புருவம் வளர்ந்து நிலைபெறும்வரை நோயாளியை உடனிருந்து கவனித்த மரபு இதே வட ஆற்காட்டு மண்ணில் இருக்கிறது. திருவண்ணாமலை உள்ளிட்ட ஒவ்வொரு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஹார்மோன் மருந்து, இரத்தப் பரிசோதனை, உளநல ஆலோசனை, அறுவைக்குப் பிந்தைய காயப் பராமரிப்பு ஆகிய நான்கும் தடையின்றிக் கிடைக்கும்படி, அவற்றுக்கான பணியிடங்களையும் மருந்து ஒதுக்கீட்டையும் தமிழக அரசு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே எழுதிவைக்க வேண்டும்.